ஹயர் பஸ்ஸில் கட்டிய கொடி

மாத்தளை
ஞாயிற்றுக்கிழமை, லுஹருக்குப் பிறகு

அன்புள்ள இப்ஹாம் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்காலையும் உம்மாவின் மனதையும் விட்டுப் பார்த்தால் இந்த வீட்டில் எல்லோரும் நலம். நீங்கள் எங்கே படுக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சரியாகத் தெரியாததால் உங்கள் நலத்தை மட்டும் ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இது உம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. உம்மா படித்தது சிங்கள மொழியில் என்பதால் தமிழில் நாலு வரி எழுதுவதற்குள் விரல் நோகிறது என்று என்னைக் கூப்பிட்டு அடுப்படிப் பலகையில் உட்கார வைத்தார். அவர் தேங்காய் துருவிக்கொண்டே சொல்கிறார், நான் எழுதுகிறேன். "பேப்பர்ல வாற மாதிரி நல்லா எழுது, ஆனா நான் சொல்லாதத எழுதாத" என்று கட்டளை. அதில் முதல் பாதியை நிறைவேற்றப் பார்க்கிறேன், இரண்டாவது பாதியைப் பற்றி வாக்குத் தரமாட்டேன், ஏனென்றால் தங்கச்சி எனக்கும் உங்களிடம் சொல்ல இருக்கிறது. நம் சந்தியில் வெற்றிலைக் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பவாஸ், அவரும் பஸ் ஓட்டத்தான், வருகிற செவ்வாய்க்கிழமை சேர்பியாவுக்குப் புறப்படுகிறார். அவர் கையில் இந்தக் கடிதமும் ஒரு பார்சலும் வருகிறது. இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். போன கிழமை நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உம்மா போனை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போனார் அல்லவா, அன்றிலிருந்து அவர் போனைக் கையில் எடுப்பதில்லை. பேச்சு என்றால் நடுவில் அழுகை வந்து குழப்பிவிடும், எழுத்து என்றால் அழுது முடித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்கிறார்.

அன்றைக்கு நீங்கள் சொன்னதை உம்மா என்னை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார், தான் கேட்டது சரிதானா என்று பார்க்க. முஸ்லிம்கள் நிறைந்த அந்த நோவி பசாரில் நீங்கள் குடியிருந்த மாடி அறையின் சொந்தக்காரி ஸெஹ்ரா மாமி உங்கள் பெட்டியையும் மெத்தையையும் படிக்கட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார், கதவைத் தட்டியும் திறக்கவில்லை, ஜும்ஆவில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்களும் ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினார்கள், இப்போது டிப்போவில் பஸ்ஸுக்குள்ளேயே படுக்கிறீர்கள். எல்லாம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹயரால், வாடகைக்குப் போன ஒரே ஓட்டத்தால். எல்லைக்கு அந்தப் பக்கம் சேர்பியர்களின் ஏதோ நினைவு நாள் கூட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போனீர்கள், அவர்கள் பஸ்ஸின் முன் கண்ணாடிக்குக் கீழே தங்கள் கொடியைக் கட்டச் சொன்னார்கள், நீங்கள் ஒரு முனையைப் பிடித்துக் கட்டினீர்கள், யாரோ படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது ஸெஹ்ரா மாமி கையில் ரொட்டியோடு கடை வாசலில் நின்றதைக் கண்டு வழக்கம்போல் ஹோர்ன் அடித்தீர்கள், அவர் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள் நானா. "ஹயர்தானே உம்மா, பஸ்ஸுக்கு ஏது கட்சி? விஜேந்திரன் மாமா அன்னைக்குச் சொன்னதுதான் எனக்கும்" என்றீர்கள். அந்தப் பெயர் வந்த இடத்தில்தான் உம்மா எழுந்து போனார்.

வாப்பா உங்கள் பக்கம், இதையும் எழுதச் சொல்கிறார். முற்றத்துக் கதிரையிலிருந்தே சத்தம் போடுகிறார். இந்த ஊரில் ஹயர் ஓடுகிறவன் கொடியைப் பார்த்தால் அடுப்பு எரியுமா என்கிறார். எலெக்‌ஷன் காலத்தில் திங்கட்கிழமை பச்சைக் கொடி, செவ்வாய்க்கிழமை நீலக் கொடி, அதற்கு அடுத்த நாள் சிவப்பு, எல்லாவற்றுக்கும் சீட்டுக்கு அடியில் கிடக்கும் அதே கயிறுதான். வாப்பா தன் பஸ்ஸில் முத்துமாரியம்மன் தேருக்கு வந்தவர்களுக்கு மஞ்சள் துணி கட்டியிருக்கிறார், வஹகோட்டைப் பெருநாளுக்குப் போனவர்களுக்கு அந்தோனியார் படம் வைத்திருக்கிறார், கிரிக்கெட் மெட்ச்சுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தை எதிர்த்து ஆடியவர்களின் கொடியையே கட்டிக்கொண்டு எங்கள் பள்ளிக்கூட வாசலால் போய் நான் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். ஒருத்தரும் டிரைவரைக் கோபித்ததில்லை. "கொடி ஏறினவனோட, ரோட்டு டிரைவரோட" என்பது வாப்பாவின் சட்டம். நீங்களும் அந்தச் சட்டத்தில்தான் வளர்ந்தீர்கள், அதனால்தான் யோசிக்காமல் கயிற்றை எடுத்தீர்கள் என்று எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்தச் சட்டம் செல்லுபடியாகிற ஊர் எது, செல்லுபடியாகாத ஊர் எது என்று வாப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கேட்டேன். "வாய் காட்டாம எழுது புள்ள" என்றார்.

நானா, எனக்கு உயர்தரத்துக்கு வரலாறு பாடம் என்று உங்களுக்குத் தெரியும். முதலாம் உலக யுத்தத்தின் காரணங்கள் என்று பிரதீபா டீச்சர் கட்டுரை தந்தபோது ஸ்லாவிய தேசியவாதத்தைப் பற்றி நான்தான் வகுப்பில் அதிகமாக எழுதினேன். ஒரு மொழிக்குடும்பத்து மக்கள் தங்களுக்கென்று நாடு கேட்டதும், பெரியண்ணன் மாதிரி ருஷ்யா அவர்கள் தோளில் கைபோட்டதும், ஒஸ்திரியா தன் வீடு உடைந்துவிடும் என்று பயந்ததும், இரண்டு பேரரசுகளும் சின்ன நாடுகளின் மேல் கால்வைத்து ஒன்றையொன்று முறைத்ததும், எல்லாம் பந்தி பந்தியாக எழுதினேன். நீங்கள் அந்த வரைபடத்துக்குள்ளேயே பஸ் ஓட்டுகிறீர்கள் என்று வகுப்பில் பெருமை பேசினேன். சரஜேவோவில் ஒஸ்திரியப் பட்டத்து இளவரசரைச் சுட்ட பையனுக்கு எங்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட என்று வாசித்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து இந்தக் கதையை வாப்பாவிடம் சொன்னேன். இளவரசர் போகிற பாதையைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள், காரோட்டி தவறான தெருவில் திரும்பிவிட்டார், பின்னால் எடுக்க நிறுத்திய இடத்தில்தான் அந்தப் பையன் நின்றான் என்று. வாப்பா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரூட்டு மாத்தினத டிரைவருக்குச் சொன்னாங்களா?" என்றார். இல்லை, சொல்லவில்லை என்றேன். "பாத்தியா! ஒலகச் சண்டைக்கே டிரைவர்தான் காரணம்னு எழுதி வெச்சிருவாங்க போல" என்றார். உம்மா அப்போது அடுப்படியில் இருந்து, "காரணம்னு ஒருத்தரும் சொல்லல்ல. ஆனா அவரு அந்தக் கார்லதானே இருந்தாரு. இல்லேன்னு சொல்ல ஏலுமா?" என்றார். அது நீங்கள் அந்த ஹயர் போவதற்கு மாதக்கணக்கில் முன்னால் நடந்த பேச்சு. உம்மா அன்று யாரை நினைத்து அப்படிச் சொன்னார் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

அந்த யுத்தம் தொடங்கிய அடுத்த வருடம் எங்கள் மாத்தளையிலும் முஸ்லிம் கடைகள் உடைக்கப்பட்டன என்பதும் என் பாடத்தில் இருக்கிறது. ஜெர்மன்காரனின் சதியோ என்று வெள்ளைக்காரன் பயந்து இராணுவச் சட்டம் போட்டுச் சிங்கள மக்களைச் சுட்டதும் இருக்கிறது. எங்கோ இரண்டு பேரரசுகள் முறைத்துக்கொண்டால் இங்கே யாருடையதோ ஒரு கடை எரிகிறது, யாருடையதோ ஒரு மகன் சாகிறான். கட்டுரையில் இதை எழுதினால் இது காரணம் இல்லை, விளைவு என்று டீச்சர் வெட்டிவிடுவார். உங்களுக்கு எழுதலாம் என்று எழுதுகிறேன்.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஸெஹ்ரா மாமியின் பேத்தி எமினாவும் நானும் போன நோன்பில் நீங்கள் இப்தார் மேசையை வீடியோவில் காட்டியபோது கூட்டாளியானோம், பாதி இங்கிலீஷிலும் பாதி போனின் மொழிபெயர்ப்பிலும் எழுதிக்கொள்வோம். அவர்கள் முன்னறைச் சுவரில் ஒரு வாலிபரின் படம் இருக்கிறது, மகன் ஜெர்மனியில் இருக்கிறார் போல என்று நீங்கள் சொன்னீர்களே, அவர் மகன் இல்லை. ஸெஹ்ரா மாமியின் தம்பி. ஜெர்மனியில் இல்லை. யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் போனார். வழியில் ஆயுதக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து முஸ்லிம் பெயர்க்காரர்களை மட்டும் இறக்கினார்கள். டிரைவரை ஒன்றும் செய்யவில்லை. மிச்சப் பேரோடு போ என்றார்கள், அவர் போனார். இறக்கப்பட்டவர்கள் திரும்பவில்லை. இன்றுவரை உடல் கிடைக்கவில்லை, அதனால் ஜனாஸாவும் இல்லை, கப்றும் இல்லை, அந்தப் படம் மட்டும்தான். எந்த வளைவில் பஸ் நின்றது, தம்பி இறங்கும்போது ஏதாவது சொன்னானா என்று கேட்க ஸெஹ்ரா மாமி அந்த டிரைவரைத் தேடியிருக்கிறார். அவர் ஊரை விட்டே போய்விட்டாராம். நீங்கள் கட்டிய கொடி அந்த ஆயுதக்காரர்கள் வைத்திருந்த கொடியேதானா என்று எமினாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதே கொடிதான் என்று அவளே சொன்னாள். இதை நான் வாசித்துக் காட்டியபோது உம்மாவின் கை தேங்காய்த் திருவலையில் அப்படியே நின்றது. பிறகு, "ரெண்டு வருஷம் அந்த வீட்டுச் சோறு தின்னவன், அந்தப் படம் யாருன்னு ஒரு நாள் கேக்கல்லியா?" என்றார். அந்தத் தம்பியின் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போனேன், உம்மா தடுத்துவிட்டார். "பேர எழுதாத. அவனே போய்க் கேக்கட்டும்" என்றார்.

பலீல் மாமாவின் கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் முதலிலிருந்து எழுதச் சொல்கிறார் உம்மா. அது நடக்கும்போது நீங்கள் கட்டாரில் இருந்தீர்கள், வாப்பா சொல்லிக் கேட்டீர்கள், என் வாயால் அவன் கேட்கவில்லை என்கிறார். கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் நடந்த அந்த மார்ச் மாதத்தில் உம்மாவின் சொந்த நானாவான அவருடைய செருப்புக் கடை எரிந்தது. எரித்தவர்களில் ஒரு கூட்டம் பஸ்ஸில் வந்தது. ஹயர் பஸ், முன்னால் கொடி. கடைக்கு எதிரே இருந்த வீட்டு ஜன்னலால் அவருடைய மனைவி ஜுனைதா மாமி பார்த்தார், ஸ்டியரிங்கில் இருந்தவர் விஜேந்திரன் மாமா. எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் மாத்தளை டவுனில் தன் அப்பாவின் கடை எரிந்தபோது வாப்பாவின் வீட்டுப் பரணில் ஒளித்து வைக்கப்பட்ட அதே விஜேந்திரன். பெருநாளைக்கு நம் வீட்டில் முதல் தட்டு சாப்பிடுகிறவர். கடையின் பின்னறையில் தீ வைத்ததால் முன்னால் அலங்காரத்துக்கு வைத்த செருப்புகளை மட்டும் பக்கத்துக் கடைக்காரர்கள் இழுத்து எடுத்தார்கள். அலங்காரத்துக்கு ஒரு சோடியில் இடது காலைத்தான் வைப்பார்கள், வலது கால் எல்லாம் பின்னறைப் பெட்டியில். ஒரு சாக்கு நிறைய இடது கால் செருப்பு. மாமா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எத்தனையோ நாள் தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், கம்பனியில் வலது கால் மட்டும் தருவார்களா என்று விசாரித்தார், எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். ஹஜ் மாதம் பிறப்பதற்கு முன் நெஞ்சுவலி வந்து மௌத்தானார். விஜேந்திரன் மாமா பஸ் ஸ்டாண்டில் வாப்பாவைக் கண்டு, "ஹயர்தானே பாய், நான் சீட்ட விட்டு எறங்கவே இல்ல" என்றார். வாப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கதையை முடித்துவிட்டார். உம்மா முடிக்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய பஸ் ஹோர்ன் கேட்டால் உம்மா வாசலில் நின்றாலும் உள்ளே போய்விடுவார். இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதுதான். ஆனால் அந்த மனிதர் சொன்ன அதே வார்த்தை தன் வயிற்றில் பிறந்த பிள்ளையின் வாயிலும் வரும் என்று உம்மா நினைக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது போன வியாழக்கிழமை நடந்தது. வாப்பா வழக்கம்போல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உங்கள் கதையை விஜேந்திரன் மாமாவிடம் ஆறுதல் மாதிரிச் சொல்லியிருக்கிறார், "என்ட மகனுக்கும் ஒன்னப்போலதான்டா ஆகிப்போச்சு" என்று. அவர் சிரிக்கவில்லையாம், டீயையும் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். அஸர் நேரம் நம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உம்மா முற்றத்தில் காயப்போட்ட மிளகைக் கிண்டிக்கொண்டிருந்தார், எழும்பவில்லை. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றதால் ஒரு சொல் விடாமல் கேட்டேன். "உள்ள வரல்ல தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். சாவு வீட்டு ஹயர்னுதான் பேசினாங்க, அது உண்மை. பாதி வழியில கொடி குடுத்தாங்க. என்ன கொடி, எதுக்குப் போறாங்கன்னு எனக்கு வெளங்கிச்சு. எங்க அப்பா கடையப் பத்த வெச்சவங்களும் லொறியில கொடியோடதான் வந்தாங்க, எனக்கு எப்படி வெளங்காமப் போகும்? வெளங்கித்தான் கட்டினேன். பயத்துல கட்டினேன். பலீல் பாய் கடை முன்னுக்கு நிப்பாட்டுன்னாங்க, நிப்பாட்டினேன். தூரத்துல வரக்கொள்ளயே ஹோர்ன அழுத்திப் பிடிச்சிருந்தா அவரு பயந்து ஷட்டரப் போட்டிருப்பாரு. நான் அடிக்கல்ல" என்றார். உம்மா மிளகிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவரு ஒங்களப் பாத்தாரா?" விஜேந்திரன் மாமா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பாத்தாரு. கூட்டம் எறங்க முந்தி என்னத்தான் கண்டாரு. 'ஆ, விஜேன், டீ ஒண்ணு குடிச்சிட்டுப் போவமா'ன்னு கைய ஒசத்தினாரு" என்றார். உம்மா அவரை உள்ளே கூப்பிடவில்லை, டீ கொடுக்கவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு மிளகை அள்ளாமலே உட்கார்ந்திருந்தார், மழை துமித்தது, நான்தான் அள்ளினேன். மஃரிபுக்குப் பிறகு என்னிடம் சொன்னார், "அவரு வந்து சொன்னதால எனக்கு ஆறல்ல மகள். என்ட நானா திரும்பி வரப்போறதில்ல. ஆனா ஏழு வருஷமா அவரு கடைசியில எப்படிப் பயந்திருப்பாரோன்னு நெனச்சு நெனச்சுச் செத்தேன். அந்த பஸ்ஸக் கண்டு அவரு பயப்படல்ல. கூட்டாளிய கண்ட சந்தோஷத்துல கையத் தூக்கியிருக்காரு. அத எனக்குச் சொல்ல அந்த மனுசன் ஒருத்தராலதான் ஏலும். இவ்வளவு காலம் ஹயர் ஹயர்னு சொல்லி அத மறைச்சு வெச்சிருந்தாரு" என்று.

போனில் நீங்கள் கடைசியாகச் சொன்ன ருஷ்யாப் பேச்சுக்கு வருகிறேன், இதை எழுதும்போது உம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அந்தக் கூட்டத்துக்குப் பஸ்ஸை எடுத்த ஹயர்காரர் உங்களைத் தட்டிக்கொடுத்து நீ எங்கள் ஆள் என்றாராம், ருஷ்யாவில் லொறி ஓட்ட அனுப்புகிறாராம், மூன்று மடங்கு சம்பளமாம், சண்டை நடக்கிற இடத்துக்கு இல்லை, பின்னால்தான் என்கிறாராம், மாத முடிவில் கையெழுத்து வைக்கலாமா என்று பார்க்கிறேன் என்றீர்கள். வாப்பாவின் காலைக் காட்டக் கிளினிக் போனபோது வரிசையில் வஹகோட்டை அம்மா ஒருவர் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய மகன் ஆமியில் இருந்து விலகியவர். சமையலறை வேலை, பின்னால்தான் என்று சொல்லித்தான் ருஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். போன் நின்று ஒரு வருடத்துக்கு மேல். இறந்தார் என்று கடிதமும் இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று குரலும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி ஏற்றும்போது இது நேர்த்திக்கா இல்லை ஆத்துமாவுக்கா என்று தெரியாமல் ஏற்றுகிறேன் என்று சிங்களத்தில் சொல்லி உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். நானா, நூறு வருடத்துக்கு முன் நடந்ததை நான் பரீட்சைக்காகப் படிக்கிறேன், அதே ருஷ்யா, அதே எல்லைகள், பேரரசு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய சண்டையில் நம் ஊர்ப் பிள்ளை லொறியில் போனால் அதற்கும் ஹயர் என்றுதான் பெயர் வைப்பார்கள். முதல் குளிரில் தன் கோட்டைக் கழற்றி உங்களுக்குப் போட்டுவிட்ட மிலோஷ் என்ற பெல்கிரேட் டிரைவரும் கொடி கட்டச் சொன்னவர்களின் அதே சேர்பிய இனத்து மனிதர்தான், அவரை உம்மா மறக்கவில்லை, அவருக்காகவும் துஆ கேட்கிறார். அதனால் இது அந்த மக்களின் மேல் கோபம் இல்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்பதுதான். வாப்பாகூட இதில் உம்மாவின் பக்கம். "டிப்போவுல படுத்தாலும் பரவாயில்ல, பஸ்ஸோடயே இருக்கச் சொல்லு" என்கிறார், குரல் ஒரு மாதிரி இருந்தது.

இனி வருவது உம்மாவின் வாய்ச்சொல், திருத்தாமல் எழுதச் சொன்னார். "மகன், ஜும்ஆ தொழுதிட்டு அந்தப் பொம்புளையோட வீட்டுக்குப் போ. பவாஸக் கூட்டிட்டுப் போகாத, அவன் நாலு வார்த்த கூடப் பேசி நியாயம் கதைப்பான். தனியாப் போ. ஹயர்ங்கற சொல்ல வாயிலயே எடுக்காத. எனக்குத் தெரியாதுன்னும் சொல்லாத, ரெண்டு வருஷம் அந்த ஊர்ல இருந்தவனுக்கு அந்தப் பாட்டும் கொடியும் தெரியாதுன்னா நான் நம்பமாட்டேன், அவ எப்படி நம்புவா? கொடியப் பாத்தேன், பாத்துட்டுத்தான் கட்டினேன்னு சொல்லு. பொறகு சுவர்ல இருக்கிற புள்ளையோட பேரக் கேளு. சொன்னா, பேரச் சொல்லி துஆ கேளு. சொல்லாட்டி ஸலாம் சொல்லிட்டு எறங்கி வந்துரு. கதவத் தொறக்காட்டி வாசல்ல நின்னு சொல்லு, உள்ள அவளுக்குக் கேக்கும். மாப் பண்ணுவான்னு எதிர்பாத்துப் போகாத. எனக்கே இன்னும் அது வரல்ல, எப்ப வரும்னும் தெரியல்ல. ஆனா விஜேந்திரன் வந்து சொன்னதுக்குப் பொறகு, நேத்து அவரு பஸ் ஹோர்ன் அடிச்சப்ப நான் உள்ள ஓடல்ல. அவ்வளவுதான் கெடைக்கும். அது கெடைச்சாலே பெரிய விஷயம்." இதைச் சொல்லி முடித்துவிட்டு உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அரிசி களையப் போய்விட்டார்.

பார்சலில் உங்களுக்கு மாசிச் சம்பலும் மிளகாய்த்தூளும் இருக்கிறது, சிவப்புப் பையில் இருக்கிற ஏலமும் கறுவாவும் ஸெஹ்ரா மாமிக்கு. அவர் வாங்கினால் கொடுங்கள், வாங்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், எமினாவிடமும் இரகசியமாகக் கொடுக்க வேண்டாம் என்று உம்மா சொல்கிறார். வாப்பாவுக்கு முழங்கால் ஊசி போட்டிருக்கிறது, ரத்தோட்டை வரைக்கும் பஸ்ஸில் போய்வரலாம் என்று டொக்டர் சொன்னதை அதையும் தாண்டி மலையேறிப் போகிற ரிவர்ஸ்டன் வரைக்கும் என்று அவர் விளங்கிக்கொண்டார். ஜுனைதா மாமி போன மாதம் வந்து நான்கு நாள் நின்றார், உங்களைக் கேட்டார். இந்தக் கொடிக் கதையை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்று உம்மா நினைக்கிறார், அதற்கு அவசரம் இல்லை, முதலில் ஸெஹ்ரா மாமியிடம் போய்விட்டு வாருங்கள்.

இவ்வளவையும் எழுதி முடிக்கும்போது எமினாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மாடி அறையை இன்று வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம், கட்டிலையும் திருப்பிப் போட்டாயிற்றாம், உன் நானாவிடம் சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நீங்கள் போய்க் கேட்டால் அந்த அறையாவது திரும்பக் கிடைக்கும் என்று உள்ளுக்குள் நான் நம்பிக்கொண்டிருந்தேன் போல. உம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் களைந்த அரிசியை வடித்து வைத்துவிட்டு வந்தார். "நல்லதாப் போச்சு. ரூம் இருந்திருந்தா ரூமுக்காக வந்திருக்கான்னு அவ நெனச்சிருப்பா. அவனுக்கும் அப்படி ஒரு நெனப்பு வந்திருக்கும். இப்ப அவன் கேட்டு வாங்குறதுக்கு அந்த வீட்டுல ஒண்ணும் இல்ல. இனிப் போகலாம்னு எழுது" என்றார்.

அல்லாஹ் உங்கள் கையையும் கண்ணையும் நீங்கள் ஏற்றிச் செல்கிற எல்லா உயிர்களையும் காப்பானாக, நேரான வழியையும் அதில் போகிற துணிவையும் தருவானாக என்று உம்மாவும் வாப்பாவும் துஆச் செய்கிறார்கள். குளிருக்குத் தொப்பியைக் காதுவரை இழுத்துப் போடுங்கள், பாஸ்போட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள், மாத முடிவில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா மஸீஹா
வாப்பா பதுர்தீன்
எழுதியது தங்கச்சி நுஸ்ரா